வாசகர் கேள்வி–பதில்: போருக்கு முந்திய வன்னியை எந்தக் கதைகளில் தேடுவது?

இப்போது எந்தப் புத்தகத்தை வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள், உங்கள் மனத்துக்கு நெருக்கமான கதாசிரியர் யார் என்று சென்ற இதழில் வாசகர்களிடம் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பல, தம் விடையோடு அதே கேள்வியை எனக்கும் திருப்பி அனுப்பியிருக்கின்றன. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா வடக்கு ஆகிய இடங்களிலிருந்து வந்தவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அம்மா, பல ஆண்டுகள் நூலகத்தில் பணியாற்றி, இத்தனை பேருக்குப் புத்தகம் எடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள். இன்று உங்கள் மேசையில் இருப்பது எது?
– ஓர் ஆசிரியை, பரந்தன்

பதில்: இரண்டு நாவல்களை மாறிமாறி வாசித்து வருகிறேன். வெயில் ஏறுமுன் அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’, இரவில் சயந்தனின் ‘ஆதிரை’. முன்னது 1973இல் வீரகேசரிப் பிரசுரமாக வெளிவந்தது. பின்னது 2015இல் வந்தது. இரண்டுக்கும் நடுவே நாற்பத்திரண்டு ஆண்டுகள் கிடக்கின்றன; ஆனால் இரண்டிலும் வருவது வன்னியின் காட்டோரக் குடிகள்தான். காலையில் வாசித்த காட்டுக்கு இரவில் என்ன நேர்கிறது என்று பார்ப்பதுபோல இருக்கிறது இந்த வாசிப்பு.

‘நிலக்கிளி’யை நான் முதலில் வாசித்தபோது எனக்குப் பதினேழு வயது. தண்ணீரூற்றில் பிறந்த ஒருவர், தண்ணிமுறிப்பைக் களமாக வைத்து, காட்டின் மடியில் வளர்ந்த பதஞ்சலி என்ற பெண்ணைக் கதாநாயகியாக்கியிருந்தார். அதுவரை நான் வாசித்த நாவல்களில் வன்னி என்பது யாழ்ப்பாணத்து மனிதர்கள் தண்டனை இடமாற்றம் பெற்று வந்து, காய்ச்சலில் விழுந்து, திரும்பிப் போகும் இடமாகவே இருந்தது. இங்கேயே பிறந்து இங்கேயே காதலித்து இங்கேயே வாழ்கிற மனிதர்களும் ஒரு நாவலுக்குப் போதுமானவர்கள் என்பதை அந்தப் புத்தகம்தான் எனக்குக் காட்டியது. அந்நாவலுக்குச் சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்த செய்தியைப் பிற்பாடு அறிந்தபோது, எங்கள் வீட்டுக்கே பரிசு வந்ததுபோல மகிழ்ந்தேன்.

என்னிடமிருந்த பிரதியின் கடைசிப் பக்கங்களைக் கறையான் தின்றுவிட்டது. புதிய பிரதி கிடைக்கவில்லை. ஆகவே முடிவை நினைவிலிருந்தே பிறருக்குச் சொல்லி வந்தேன். அண்மையில் முழுப் பிரதி கைக்கு வந்து வாசித்தபோதுதான், இத்தனை ஆண்டுகளாக நான் சொல்லிவந்தது நாவலின் முடிவு இல்லை என்பது தெரிந்தது. பதஞ்சலிக்கு நான் விரும்பிய வாழ்வை எனக்குத் தெரியாமலே நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். என்னிடம் கதை கேட்டவர்கள் தயவுசெய்து நாவலையே வாசித்து, சரியான முடிவை அறிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: நான் உயர்தர மாணவி. போர் முடிந்தபோது கைக்குழந்தை. வன்னியைப் பற்றிய நாவல் என்று யாரிடம் கேட்டாலும் இடப்பெயர்வையும் முள்ளிவாய்க்காலையும் பற்றிய நாவல்களையே தருகிறார்கள். அவற்றை மதிக்கிறேன். ஆனால் என் அப்பப்பாவும் அப்பம்மாவும் காடு வெட்டி வயலாக்கிய காலத்தை எந்தக் கதையில் காணலாம்?
– ஒரு மாணவி, புதுக்குடியிருப்பு

பதில்: மகளே, இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று நெடுநாள் காத்திருந்தேன். வன்னி என்றதும் 2009 மட்டுமே நினைவுக்கு வருமானால், அதற்கு முன் இங்கே நூறு ஆண்டுகள் மண் வெட்டியவர்களின் வாழ்வு யாருடைய நினைவிலும் இல்லாமற் போகும். போரை எழுதியவர்கள் எழுதியே தீரவேண்டியதை எழுதினார்கள். ஆனால் எரிந்த வீட்டைப் பற்றி வாசிப்பவருக்கு, அந்த வீடு கட்டப்பட்ட கதையும் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் எரிந்தது எவ்வளவு என்று அவருக்கு எப்படித் தெரியும்?

முதலில் தாமரைச்செல்வியின் ‘பச்சை வயல் கனவு’ நாவலைத் தேடி எடுங்கள். 2004இல் வந்தது. இரணைமடுக் குளத்தின் கட்டுமானம் 1902இல் தொடங்கியது. 1930களிலிருந்து கிளிநொச்சியில் குடியேற்றங்கள் உருவாகின. அந்தக் குடியேற்றத்தின் மனிதர்களை, நுளம்போடும் யானையோடும் போராடிக் காட்டைக் கழனியாக்கியவர்களை, உள்ளிருந்தே அறிந்தவர் தாமரைச்செல்வி. அவர் கமக்காரக் குடும்பத்து எழுத்தாளர். மழை பிந்தினால் ஒரு வீட்டில் என்னென்ன பின்தள்ளிப் போகும் என்பது அவருக்குத் தெரியும். காலபோகம் பொய்த்த ஆண்டில் கலியாணம் தள்ளிப்போவதும், அடகுவைத்த சங்கிலி மீளாமற்போவதும், பிள்ளையின் பள்ளிச் சப்பாத்து அடுத்த தவணைக்கு ஒத்திவைக்கப்படுவதும் வரவுசெலவுக் கணக்காகவே நின்றுவிடாமல், ஒரு பெண்ணின் மௌனமாகவும் ஓர் ஆணின் எரிச்சலாகவும் மாறுவதை அவரைப்போல எழுதியவர்கள் இங்கே குறைவு. அவருடைய முதல் நாவலான ‘சுமைகள்’ 1977இல் வந்தது. சிறுகதைகளுக்கு ‘ஒரு மழைக்கால இரவு’, ‘வன்னியாச்சி’ ஆகிய தொகுதிகளைப் பாருங்கள். அவருடைய மனிதர்களில் நல்லவர்கள் சற்றுக் கூடுதலாகவே இருக்கிறார்கள் என்ற குறை எனக்கு உண்டு. ஆனால் எங்கள் குடியேற்றக் கிராமங்களில் ஒருவருக்கொருவர் கைமாறாக உழைத்த காலத்தை நினைத்துப் பார்க்கும்போது, அவர் கண்டதைத்தான் எழுதியிருக்கிறார் என்றும் தோன்றுகிறது.

அடுத்து செங்கை ஆழியானின் ‘காட்டாறு’. 1977இல் வந்த இந்நாவலை, பாலமனோகரனை வாசித்த கையோடு வாசிக்கவேண்டும். ஏனென்றால் பாலமனோகரனின் காடு அன்பானது. செங்கை ஆழியானின் காட்டோரக் கிராமத்திலோ அதிகாரமும் பணமும் புகுந்து எளிய கமக்காரர்களைச் சுரண்டுகின்றன. ஆசிரியர் யாழ்ப்பாணத்தவர், புவியியல் கற்றவர், நிர்வாக சேவையில் இருந்து வன்னியின் கோப்புகளையும் மனிதர்களையும் ஒருங்கே பார்த்தவர். ஒரு காணி அனுமதிப்பத்திரம் யாருடைய மேசையில் எதற்காகத் தங்குகிறது என்பதை அறிந்தவர் எழுதினால் எப்படியிருக்கும் என்பதை அந்நாவலில் உணரலாம். அவருடைய ‘வாடைக்காற்று’ படமாக வந்ததால் பலருக்குத் தெரியும். எனக்கு ‘காட்டாறு’தான் மேல்.

‘நிலக்கிளி’, ‘சுமைகள்’, ‘காட்டாறு’ ஆகிய நாவல்கள் 1970களில் ஒன்றன்பின் ஒன்றாக வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1970 முதல் 1977 வரை ஆட்சியிலிருந்த அரசாங்கம் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. தென்னிந்தியச் சஞ்சிகைகளின் வரவும் அக்காலத்தில் மட்டுப்படுத்தப்பட்டது. விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் படித்த வாலிபர் திட்டங்களில் காணி பெற்ற இளைஞர்களின் மிளகாய்க்கு நல்ல விலை கிடைத்த அதே ஆண்டுகளில்தான், நம் எழுத்தாளர்களின் நாவல்களும் மலிவு விலைப் பதிப்புகளாக நாடெங்கும் விற்பனையாகின. மிளகாய் விற்ற காசில் என் தந்தையார் சந்தையிலிருந்து பசளைப் பையோடு ஒரு வீரகேசரி நாவலையும் கொண்டுவந்த மாலைகள் எனக்கு நினைவிருக்கின்றன. உங்கள் அப்பப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். அவரும் அப்படி ஒன்றை வாங்கியிருக்கக்கூடும்.

கேள்வி: கடைசிப் போரில் என் இரு பிள்ளைகளையும் இழந்தேன். முன்பு நிறைய வாசித்தவன். இப்போது போர் நாவல் ஒன்றைத் திறந்தால் மூன்றாம் பக்கத்துக்கு மேல் போக முடியவில்லை. ‘எங்களுடைய கதையை நாங்களே வாசிக்காவிட்டால் யார் வாசிப்பது’ என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நான் செய்வது பிழையா?
– ஒரு தந்தை, விசுவமடு

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு இரண்டு நாட்கள் ஒன்றும் எழுத முடியாமல் இருந்தேன். நீங்கள் செய்வது பிழையே இல்லை. அந்த நாவல்கள் அங்கே இல்லாதவர்களுக்காகவும், பின்னால் பிறந்தவர்களுக்காகவும் எழுதப்பட்டவை. நீங்கள் அவற்றை வாசிக்கக் கடன்பட்டவர் இல்லை. உங்கள் நண்பர்களிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள்.

வாசிப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அ. முத்துலிங்கத்தின் சிறுகதைகளிலிருந்து மீண்டும் தொடங்கலாம். கொக்குவிலில் பிறந்து, ஆபிரிக்காவிலும் பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் பணிபுரிந்து, கனடாவில் வாழ்பவர். அவருடைய கதைகள் எட்டுப் பத்துப் பக்கங்களில் முடிந்துவிடும். இரவு நித்திரை வராத வேளையில் ஒன்றைத் தொடங்கி அன்றே முடித்துவிட்டு விளக்கை அணைக்கலாம். சியரா லியோனில் ஒரு மனிதர் சோற்றுக்கோ பாசத்துக்கோ செய்யும் தந்திரத்தை அவர் சொல்லும்போது, அந்த மனிதர் நம் ஊர்ச் சந்தையில் பார்த்த ஒருவரைப்போலவே இருப்பார். அதன்பின் அசோகமித்திரனின் ‘தண்ணீர்’. சென்னை நகரத்தில் தண்ணீருக்கு அலையும் சகோதரிகளான ஜமுனா, சாயா ஆகியோரின் கதை. சிறிய நாவல், சத்தமில்லாத நாவல். குளத்தை நம்பி வாழ்ந்த நமக்குக் குடத்தோடு வரிசையில் நிற்பவர்களின் துன்பத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. யாரையும் ஆறுதல்படுத்த முயலாமல் எழுதுவது அசோகமித்திரனின் இயல்பு. அதனாலேயே துயருற்ற ஒருவரின் கையில் அவரை நான் நம்பிக்கையோடு கொடுப்பேன்.

என்றாவது ஒருநாள் போரைப் பற்றிய ஒரே ஒரு நாவலை வாசிக்கலாம் என்று நீங்களாகவே எண்ணினால், தமிழ்க்கவியின் ‘ஊழிக்காலம்’ அதுவாக இருக்கட்டும். 2013இல் வந்தது. பேரப்பிள்ளைகளோடு இடம்பெயரும் ஒரு மூதாட்டியின் பார்வையில் செல்லும் அந்நாவலில், யாருக்கும் தீர்ப்பு எழுதுவதைவிட அடுத்த வேளை அடுப்பை எங்கே மூட்டுவது என்ற கவலையே பெரிதாக இருக்கிறது. அதற்கு அவசரமில்லை.

கேள்வி: எங்கள் பெற்றோர் 1977 கலவரத்தின் பின் மலையகத்திலிருந்து இங்கே வந்தவர்கள். வன்னி இலக்கியம் என்று பேசுகிறவர்கள் எங்களை அதில் சேர்ப்பதில்லை. எங்கள் கதையை யாராவது எழுதியிருக்கிறார்களா?
– ஒரு வாசகர், பாரதிபுரம்

பதில்: நீங்கள் சொல்லும் குறை உண்மை. 1958இலும் 1977இலும் 1983இலும் அடிபட்டு வந்தவர்கள் வன்னியின் எல்லைகளில் காடு வெட்டினார்கள். பிறருடைய வயல்களில் கூலிக்கு அரிவு வெட்டினார்கள். போரில் மற்றவர்களோடு சேர்ந்தே இறந்தார்கள். ஆனால் கோயிற் திருவிழாவிலும் கலியாணப் பேச்சிலும் அவர்களைத் தள்ளிவைத்த வீடுகள் இங்கே உண்டு. இலக்கியக் கூட்டங்களும் நெடுங்காலம் அப்படித்தான் நடந்துகொண்டன. அந்தக் கூட்டங்களில் நானும் பேசாமல் இருந்திருக்கிறேன் என்பதை இங்கே எழுதவேண்டும்.

நான் இப்போது வாசிக்கும் ‘ஆதிரை’யைத்தான் உங்களுக்கும் சொல்வேன். மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்த குடும்பத்தை ஓரத்துப் பாத்திரங்களாக வைக்காமல் கதையின் நடுவிலே வைத்தவர் சயந்தன். 1977இன் அகதிகளிலிருந்து போரின் முடிவுவரை நீளும் அந்த நாவல் அறுநூறு பக்கங்களைத் தாண்டும். இடையில் பாத்திரங்களின் பெயர்கள் குழம்பும். ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டு வாசியுங்கள், நானும் அப்படியே செய்கிறேன். சாதியைப் பற்றியும் போராட்டத்துக்குள் இருந்த மனிதர்களைப் பற்றியும் அதில் வரும் பகுதிகளில் உடன்படாதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். உடன்படாமலும் வாசிக்கலாம்.

உங்கள் பெற்றோர் விட்டுவந்த தோட்டத்தை அறிய விரும்பினால், கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ நாவலையும், என்.எஸ்.எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ சிறுகதைத் தொகுதியையும், தெளிவத்தை ஜோசப்பின் சிறுகதைகளையும் தேடுங்கள். இராமையா எழுதியது குறைவு; ஆனால் அவருடைய கதைகளில் வரும் கொழுந்தெடுக்கும் பெண்களின் பேச்சை உங்கள் தாயாருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினால், அவர் அடுத்த வரியைத் தானே சொல்லக்கூடும்.

கேள்வி: என் அம்மா மாத நாவல்களைத் தவிர வேறெதையும் வாசிப்பதில்லை. நல்ல இலக்கியத்துக்கு அவரை எப்படிக் கொண்டுவருவது?
– ஒரு வாசகி, மாங்குளம்

பதில்: பகல் முழுவதும் வேலை செய்துவிட்டு இரவு ஒன்பது மணிக்கு ஒரு புத்தகத்தைத் திறக்கும் தாயைப் பெற்றிருக்கிறீர்கள். அவர் கையிலிருப்பதைப் பறிக்காதீர்கள். தாமரைச்செல்வியின் ஒரு தொகுதியை அவர் தலைமாட்டில் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: தமிழகத்து எழுத்தாளர்களில் யாரைச் சொல்வீர்கள்? வட்டார வழக்கு புரியாமல் பல நாவல்களை இடையில் விட்டிருக்கிறேன்.
– ஒரு கமக்காரர், ஒட்டுசுட்டான்

பதில்: தயக்கமின்றி கி. ராஜநாராயணன். ‘கோபல்ல கிராமம்’ 1976இல் வந்தது. தெலுங்கு நாட்டிலிருந்து உயிருக்கு அஞ்சித் தெற்கே வந்த மக்கள், ஆளில்லாத காட்டைத் தீயிட்டுத் திருத்தி ஊராக்கும் கதை அது. அந்தக் காடு எரியும் பகுதியை வாசித்தபோது, பற்றைக்காட்டுக்கு நெருப்பு வைத்துவிட்டு இரவெல்லாம் காவலிருந்த நம் முன்னோரைத்தான் நான் கண்டேன். கரிசல் மண்ணில் மழை குறைவு, நமக்கோ குளம் உண்டு. ஆனாலும் வேற்றிடத்திலிருந்து வந்து ஒரு மண்ணைத் தமதாக்கியவர்களின் பயமும் பெருமையும் இரண்டிடத்திலும் ஒன்றுதான்.

வழக்கு புரியவில்லை என்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். கண்ணால் வாசிக்காமல் வாய்விட்டு வாசியுங்கள். கி.ரா. ஒரு பெரியவர் திண்ணையில் இருந்து கதை சொல்வதுபோலவே எழுதியவர். காதில் விழுந்தால் பாதி புரிந்துவிடும். மீதிச் சொற்களுக்கு அவரே வட்டார வழக்கு அகராதி ஒன்றைத் தொகுத்தார். நமக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லையே என்று நான் வருந்துவதுண்டு. துலாவும் சூடடிப்பும் வாடியும் அலியன் யானையும் இன்னும் சில ஆண்டுகளில் விளக்கம் தேவைப்படும் சொற்களாகிவிடும். உங்களைப் போன்ற கமக்காரர் ஒருவர் தமக்குத் தெரிந்த வயற்சொற்களை ஒரு கொப்பியில் எழுதி அனுப்பினால், இந்தப் பகுதியிலேயே தொடராக வெளியிட முயல்வேன்.

கேள்வி: நீங்கள் சொல்லும் பழைய புத்தகங்கள் கடைகளில் இல்லை. எங்கே பெறுவது?
– மூன்று வாசகர்கள், வெவ்வேறு ஊர்கள்

பதில்: 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் என்ற எண்ணிம நூலகத்தில் ஈழத்தின் பழைய நூல்களும் சஞ்சிகைகளும் பெருமளவில் இலவசமாக வாசிக்கக் கிடைக்கின்றன. கைத்தொலைபேசியிலும் திறக்கலாம். சிறிய எழுத்துக் கண்ணை வருத்தினால், பிள்ளைகளிடம் சொல்லிக் கணினியில் பெரிதாக்கி வாசியுங்கள். புதிய நாவல்களை உங்கள் பிரதேச சபை நூலகத்தில் எழுத்துமூலம் கேளுங்கள். ஐந்து பேர் ஒரே நூலைக் கேட்டு எழுதினால் அடுத்த கொள்வனவில் அது இடம்பெறுவதற்கு வாய்ப்பு அதிகம் என்பதை என் பணிக்காலத்தில் கண்டிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கக் கட்டடத்தில் மாதம் ஒருமுறை வாசிப்பு வட்டம் தொடங்கவிருக்கிறோம். பதினைந்து பேர் வருவார்கள். முதியவர்களும் இருப்பார்கள், சிலருக்கு வாசிக்கத் தெரியாது. முதல் சந்திப்பில் எந்த நூல்?
– ஓர் இளைஞர், குமுழமுனை

பதில்: தம்பி, நீங்கள் இருப்பது குமுழமுனை, தண்ணிமுறிப்புக்கு அருகில். ‘நிலக்கிளி’யைத் தவிர வேறெதை நான் சொல்வேன்? முதல் அத்தியாயத்தை மட்டும், நிதானமாக வாசிக்கக்கூடிய ஒருவர் எழுந்து நின்று வாசிக்கட்டும். 1984இன் இறுதியில் அந்தப் பக்கத்து ஊர்களை விட்டு இடம்பெயர்ந்தவர்கள் உங்கள் முதியவர்களிடையே இருப்பார்கள். அவர்களை முன்வரிசைக் கதிரைகளில் இருத்துங்கள். ஒரு மரத்தின் பெயரையோ குளத்தங்கரையின் ஒரு வளைவையோ கேட்டதும் அவர்களில் ஒருவர் வாசிப்பவரை நிறுத்தி, ‘அந்த இடம் எனக்குத் தெரியும்’ என்று பேசத் தொடங்குவார். அன்று அத்தியாயம் முடியாவிட்டாலும் பரவாயில்லை. அவர் சொல்வதைக் குறித்துக்கொள்ள ஒருவரை ஒரு கொப்பியோடு பக்கத்தில் வைத்திருங்கள். நாவலின் மீதியை அடுத்த மாதம் வாசிக்கலாம்.